காரை நான் ஓட்டினேன். என்னைத் தவணை ஓட்டியது

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு வாழையிலைக் கடையில் அக்கா மகனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்கு வயது 23. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ரசம் ஊற்றும் நேரத்தில் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கார்.

"மாமா, மாசம் ஆயிரத்துக்குள்ளதான் வருது. ஒன்பது வருஷம். எடுத்திடலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. இதே கேள்வியை, இதே கண்களோடு, 2012-ல் என் அப்பாவிடம் நான் கேட்டிருக்கிறேன். அன்று நடந்ததை அவனிடம் சொன்னேன். கார்ப் பைத்தியம் பிடித்த பிள்ளைகள் நம் வீடுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், உங்களிடமும் சொல்கிறேன்.

சாகாவில் தொடங்கிய ஆசை

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுநர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், எனக்கு ஏழு வயது இருக்கும்போது சொந்தமாக ஒரு பழைய புரோட்டோன் சாகா வாங்கினார். 1985-ல் நாட்டின் முதல் தேசியக் காராக வெளிவந்த அதே ரகம். தீபாவளிக்கு முதல் நாள் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு அதில் போனபோது, கோவில் தேரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போனெட்டைத் திறந்தால் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

2005 மார்ச்சில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் இந்திய ஓட்டுநராக, நம் சிப்பாங் களத்தில் காரோட்டினார். அவர் 11-ஆவதாகத்தான் வந்தார். ஆனால் தொலைக்காட்சியில் அந்தப் பெயரைக் கேட்டபோது எங்கள் வீட்டு வரவேற்பறையில் எழுந்த சத்தம் அடுத்த தெருவரை கேட்டிருக்கும். அப்போது எனக்கு 18 வயது. எஸ்பிஎம் முடித்த கையோடு போலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளோமா படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

படித்தது இயந்திரம், கிடைத்த வேலையோ கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு சரிபார்ப்பது. சம்பளம் 3,200 ரிங்கிட். பட்டறை வேலையைவிட அதிகம் என்பதால் சேர்ந்துவிட்டேன். கார் ஆசை மட்டும் குறையவில்லை.

3 விழுக்காடு என்று நம்பிய கணக்கு

நான் விரும்பிய ஜப்பானிய செடானின் விலை 89,000 ரிங்கிட். முன்பணம் போக 80,000 கடன். வட்டி 3 விழுக்காடு, ஒன்பது ஆண்டு. விற்பனையாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாதம் 940 ரிங்கிட் சொச்சம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே என்று எனக்கு நிம்மதி. அப்பா பிணையாளராகக் கையெழுத்துப் போட்டார்.

அந்த 3 விழுக்காடு என்பது குறைந்துவரும் கடனுக்குப் போடும் வட்டி அல்ல. முதல் நாளில் வாங்கிய முழு 80,000-க்கும் ஒன்பது ஆண்டுக்கும் சேர்த்துப் போடும் நிலையான வட்டி. ஆண்டுக்கு 2,400 வீதம் மொத்தம் 21,600 ரிங்கிட். வீட்டுக் கடனைப் போல மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், அது ஏறக்குறைய 5.5 விழுக்காட்டுக்குச் சமம். இதை நான் தெரிந்துகொண்டது மூன்று ஆண்டு கழித்துத்தான்.

தவணை மட்டும்தான் செலவா? பெட்ரோல் 350. அப்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் டோல் இருந்தது; கிள்ளானிலிருந்து தினமும் போய்வர மாதம் 100 அளவில் ஆகும். கார் நிறுத்த 150. காப்புறுதியையும் சாலை வரியையும் மாதக் கணக்கில் பிரித்தால் 250. சர்வீஸ், டயருக்கு 150. எல்லாம் சேர்ந்து 1,940 ரிங்கிட். கையில் மீதி 1,260. அதிலிருந்துதான் சேமநிதிப் பிடித்தம், பிடிபிடிஎன் கல்விக் கடன், வீட்டுச் செலவு, சாப்பாடு எல்லாம். மாதம் 20-ஆம் தேதிக்கு மேல் நண்பர்கள் கூப்பிட்டால், உடம்பு சரியில்லை என்பேன். காரில் போகத்தான் ஆசை; போய் இறங்கும் இடத்தில் செலவு செய்யக் காசு இல்லை.

கைவிட்டுப் போன வேலை

பணக் கஷ்டத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் 2013-ல் நடந்த ஒன்றை இன்றும் மறக்க முடியவில்லை.

விபத்தில் சிக்கிய வாகனங்களின் சேதத்தைக் காப்புறுதிக்காக மதிப்பிடும் நிறுவனம் ஒன்றில், பயிற்சி மதிப்பீட்டாளர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாள் முழுக்கக் கார்களோடு இருக்கும் வேலை. என் டிப்ளோமாவுக்கும் ஏற்றது. தொடக்கச் சம்பளம் 2,300 ரிங்கிட். இரண்டு மூன்று ஆண்டில் ஏறும் என்றார்கள்.

அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 2,300-ல் 1,940 காருக்கே போய்விடும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் வழி இல்லை. மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கார் மீது வைத்த ஆசையால் வாங்கிய கடன், கார்களோடு வாழும் வேலையையே தடுத்துவிட்டது. வேலையை மாற்ற முடியாது, சம்பளம் குறையக்கூடாது, மேலாளர் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டும். தவணையோடு சேர்த்து நான் கட்டியது இதையும்தான்.

2015 தொடக்கத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மருந்துச் செலவில் ஒரு மாதத் தவணை தவறியது. பிணையாளர் என்ற முறையில் அப்பாவுக்கும் கடிதம் வந்தது. அவர் அதைப் படித்துவிட்டு மேசை மேல் வைத்தார், திட்டவில்லை. "வித்திடு தம்பி," என்றார். அவ்வளவுதான்.

விற்கப் போனபோதுதான் அடுத்த அடி. மூன்று ஆண்டில் 36 தவணை, 33,800 ரிங்கிட்டுக்கு மேல் கட்டியிருந்தேன். ஆனால் கடனில் மீதி 58,000-க்குக் கொஞ்சம் மேல் இருந்தது. என் ஒப்பந்தத்தில் வட்டியைப் பிரித்த முறை அப்படி. தொடக்க ஆண்டுகளில் கட்டும் பணத்தில் பெரும்பங்கு வட்டிக்குப் போகும். முதல் ஐந்து ஆண்டுக்குள்ளேயே மொத்த வட்டியில் ஐந்தில் நான்கு பங்கு கழிந்துவிடும். பழைய கார் வியாபாரி கொடுக்க ஒப்புக்கொண்டது 51,000. இடையில் 7,000 ரிங்கிட் பள்ளம்.

அந்தப் பள்ளத்தை அப்பா தம் சேமநிதிப் பணத்தை எடுத்து அடைத்தார். முப்பது ஆண்டு லோரி ஓட்டிச் சேர்த்த காசு. வங்கியிலிருந்து திரும்பும்போது பேருந்தில் ஒன்று சொன்னார்: "காடி ஓட்டுறவன் பிரேக் எங்க இருக்குன்னு பார்த்துட்டுத்தான் எண்ணெய மிதிக்கணும்."

மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டவர்

அதன் பிறகு எட்டு மாதம் கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரலுக்குப் போய்வந்தேன். அந்த ரயில் பயணங்களில்தான் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் படித்தேன்.

கோயம்புத்தூர் அருகே 1893-ல் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கடன் வாங்கவில்லை. உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை செய்து, காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றாமல், பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் படித்தார். 1920-ல் ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தொழில் தொடங்கினார். அது பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பின்னாளில் மின்மோட்டார் தயாரிப்புவரை போனார். கோவைக்குப் போகிறவர்கள் அவர் பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

அவருடைய ஆசை முதலில் உழைப்பாகவும் பிறகு அறிவாகவும் மாறி, அதன் பின்தான் தொழிலானது. நான் நேரே ஷோரூமுக்குப் போனவன். நம் காலத்து நடிகர் அஜித்குமாரைப் பாருங்கள். பந்தயம் அவருக்கு உயிர். ஆனால் அதற்கான செலவைத் தாங்கும் வருமானம் திரைத்துறையிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, அதற்குப் பின்னால் பல ஆண்டுச் சம்பாத்தியம் இருந்தது.

எட்டு மாதமும் அதே 940 ரிங்கிட்டை வேறொரு கணக்கில் போட்டேன். 7,500 சேர்ந்தது. 5,500 கொடுத்து ஒரு பழைய பெரோடுவா கஞ்சில் வாங்கினேன். நண்பர்கள் கேலி செய்தார்கள். எனக்கோ அது பாடப்புத்தகம். சனிக்கிழமைதோறும் கிள்ளானில் தெரிந்த அண்ணன் ஒருவரின் பட்டறையில் அதைப் பிரித்துப் பூட்டக் கற்றேன். 2016 ஜனவரியில், முன்பு மறுத்த அதே துறையில் 2,400 சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சம்பளம் 800 குறைந்தது. ஆனால் காருக்கான செலவு மாதம் 500-க்குள் அடங்கியதால் கையில் நின்றது 1,900. அப்பாவின் 7,000-த்தைத் திருப்பிக் கொடுக்க இரண்டு ஆண்டு ஆனது. வாங்க மறுத்தார், அம்மா கணக்கில் போட்டுவிட்டேன்.

தெரிந்திருக்க வேண்டியவை

என் வேலையில் அடிக்கடி பார்க்கும் ஒரு காட்சி உண்டு. கார் முற்றாக நொறுங்கிவிடும். காப்புறுதிப் பணம் முதலில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும். கடன் மீதி அதைவிட அதிகமாக இருந்தால், இல்லாத காருக்கு இளைஞன் தொடர்ந்து பணம் கட்ட வேண்டியிருக்கும். முன்பணம் குறைவாகவும் தவணைக் காலம் நீளமாகவும் இருந்தால் இந்த ஆபத்து கூடும். ஆகவே கார் வாங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்:

தவணையை மட்டும் பார்க்காதீர்கள். பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வட்டி எந்த முறையில் போடப்படுகிறது, மூன்றாம் ஆண்டில் விற்றால் மீதிக் கடன் எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

இழப்பீடு கோராமல் ஓட்டினால் காப்புறுதிக் கட்டணத்தில் முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காடு கழிவு. ஐந்து ஆண்டில் அது 55 விழுக்காடு ஆகும். சின்னக் கீறலுக்கு அதை இழக்காதீர்கள்.

2024 மே மாதம் முதல் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைக் காரின் முன்பணத்துக்குத் தொடாதீர்கள்.

தவணை தவறினால் ஒளிந்துகொள்ளாதீர்கள். 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் காரைப் பறிமுதல் செய்வதற்கு விதிமுறைகளை வைத்திருக்கிறது. முறையான அறிவிப்பு வர வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் தேவை. பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையை இலவசமாகவே தருகிறது. நான் அங்கே போகக் கூச்சப்பட்டேன், நீங்கள் படாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளைக்குக் கார் மீது உண்மையான ஆர்வம் இருந்தால், அதைக் குறும்பு என்று ஒதுக்காதீர்கள். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் வழியாக வாகனத் துறையில் படிப்படியாக டிப்ளோமா நிலைவரை போகலாம். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்தவர்கள், அந்த அனுபவத்தைக் காட்டியும் சான்றிதழ் பெற வழி உண்டு.

அக்கா மகனிடம் நான் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. "அந்த ஆயிரத்தையும், மத்த செலவுக்கு ஒரு எண்ணூறையும் ஆறு மாசத்துக்கு வேற கணக்குல போட்டுப் பாருடா. அப்பவும் மூச்சு முட்டலன்னா, நானே உன்கூட ஷோரூமுக்கு வர்றேன்" என்றேன்.

முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, முதல் மாசம் போட்டுட்டேன். எண்ணூறு முடியல, ஐந்நூறுதான் போட முடிஞ்சுச்சு." அதற்குக் கீழேயே இன்னொரு வரி: "சனிக்கிழமை பட்டறைக்கு நானும் வரவா?"

வரச் சொல்லியிருக்கிறேன். கஞ்சிலுக்குப் பிரேக் மாற்ற வேண்டியிருக்கிறது.