கையெழுத்து நேரமும் பஸ் நேரமும்

வேலைக்குப் போகும் வழி – 7

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகள் தங்கள் ஆட்களுக்குத் தாங்களே பஸ் விடுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். இருபது பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் பத்து ஆசிரியர் உள்ள பள்ளிக்கும் யார் பஸ் விடுவது? காட்டுமன்னார்கோயில் மாதிரி தாலுகா ஊர்களின் கேள்வி இதுதான்.

இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய நிறுவனங்கள் வேறு வழி கண்டன. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு அண்ணாமலை நகர் எழுந்தது. 1956-ல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனம் டவுன்ஷிப்பே கட்டிவிட்டது. காட்டுமன்னார்கோயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரயிலும் கிடையாது. கிராம நிர்வாக அலுவலர் அந்தந்தக் கிராமத்திலேயே தங்க வேண்டுமென்று விதி இருக்கிறது. மற்றவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகச் சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு, குமராட்சி, லால்பேட்டை வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் வந்துபோகிறார்கள்.

வேலைக்கு வரும் வண்டிகளைக் குறைக்க 1987-ல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால், காலை ஆறிலிருந்து பத்துக்குள் வருகிற ஆட்களை வந்த வண்டிகளால் வகுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். பெரும்பாலான இடங்களில் வண்டிக்கு ஒன்றரைப் பேர் இலக்கு. நம் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நிற்கிறது. அந்தக் கணக்கில் நாம் என்றைக்கோ பாஸ். நமக்கு உதைக்கிற இடம் நேரம்.

அரசு அலுவலகம் விடுவது மாலை 5.45-க்கு. ஐந்தரைக்கு ஒரு பஸ் கிளம்பி, அடுத்தது ஆறேகாலுக்கு என்றால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் டீக்கடை பெஞ்ச். அப்புறம் தவணையில் ஒரு ஸ்கூட்டர். அதில் போகும் வழியில், தை, மாசி சம்பா அறுவடையில் சாலையோரம் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் நெல் தெரியும், கல் தெரியாது. முன்னால் பின்விளக்கில்லாத கரும்பு டிராக்டர் வேறு.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு. அந்தப் பணத்துக்காக ரூட் பஸ்ஸை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆகவே ‘கூடுதல் பஸ் விடுக’ என்று மொட்டையாக மனுப் போடுவதில் புண்ணியமில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும்.

ஒரு முழுத்தாள் போதும். யார் எந்த ஸ்டாப்பில் ஏறுகிறார், எத்தனை மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், எப்போது கிளம்பலாம் – இவ்வளவுதான். தாலுகா அலுவலகம், ஒன்றிய அலுவலகம், நீதிமன்றம், வங்கி, பள்ளி எல்லாம் சேர்ந்து ஒரே தாளாகக் கொடுப்பது முக்கியம். தனித்தனியாகப் போனால் நாலு பேர், ஆறு பேர் என்றுதான் நிற்கும். டெப்போவில் முதல் கேள்வியே ‘எத்தனை பேர் ஏறுவீங்க?’ என்பதாகத்தான் இருக்கும். ஐம்பது என்று தாளைக் காட்டினால், புது பஸ் கேட்க வேண்டியதில்லை. ஐந்தரை வண்டியை ஆறு மணிக்கு எடுக்கச் சொன்னாலே போதும்.

(அடுத்த வாரம்: நெய்வேலியின் ஷிப்ட் நேரம்)