டம்ளரில் ஒரு சர்க்கரை, கரண்டியில் ஒரு சர்க்கரை
இனிப்பின் கணக்கு – 9

நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று, ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பது. உடம்பு வியர்த்து, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும்போது 15 கிராம் மாவுச்சத்து உடனே உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அந்த 15 கிராமுக்கு என்ன சாப்பிடலாம் என்று ஒரு பட்டியலும் தருவார்கள். அரை டம்ளர் பழச்சாறு, அதாவது சுமார் 120 மில்லி. இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி தேன். அதுவும் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. எது முதலில் கைக்கு எட்டுகிறதோ அது.

ஆபத்து நேரத்தில் பார்க்கப்படுவது ஒன்றே ஒன்று: எது சீக்கிரம் ரத்தத்தில் சேரும்? நார்ச்சத்தோ கொழுப்போ நிறைந்த பண்டத்தை அப்போது கொடுக்கக் கூடாது என்றும் அதே பாடம் சொல்கிறது. அவை சர்க்கரையை மெல்லத்தான் விடும். தேனும் பழச்சாறும் தடையில்லாமல் போய்ச் சேர்கின்றன. ஒருவரின் உயிரைக் காக்கிற அந்த வேகம், தினமும் காலையில் வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறையச் சாறு குடிப்பவரின் உடம்பில் என்ன செய்யும்?

வெள்ளைச் சர்க்கரையைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். அதை வீட்டிலிருந்து வெளியேற்றியவர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர். அந்த இடத்துக்கு நாட்டுச்சர்க்கரை வந்திருக்கிறது, கருப்பட்டிக் காபி வந்திருக்கிறது, வெந்நீரில் தேன் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு கோலாவுக்குப் பதில் பழச்சாறு. நல்ல எண்ணத்தில் செய்த மாற்றங்கள் இவை. இவற்றில் சத்து அதிகம் எதில் என்ற கேள்விக்குப் பதில், ஒரு கிராம் சர்க்கரையோடு எவ்வளவு சத்து வருகிறது என்று பார்த்தால் ஒரு மாதிரியும், ஒரு நாளில் உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தால் வேறு மாதிரியும் வரும்.

முதல் கணக்கில் பழச்சாறு தெளிவாக ஜெயிக்கிறது. அப்போது பிழிந்த ஆரஞ்சுச் சாறு 240 மில்லியில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கும். அதனுடன் 120 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி, 500 மில்லிகிராமை நெருங்கும் பொட்டாசியம், கொஞ்சம் ஃபோலேட். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. ஒரு டம்ளரிலேயே அது முழுதாகக் கிடைத்துவிடுகிறது. அதே 20 கிராம் சர்க்கரையைத் தேனிலிருந்து பெற வேண்டுமானால் 25 கிராம் தேன் போதும். அதில் பொட்டாசியம் 13 மில்லிகிராம். வைட்டமின் சி கணக்கில் சேர்க்க முடியாத அளவு.

தேனைக் குறைத்துச் சொல்வதாக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. ஒரு வயது கடந்த குழந்தைகளின் இருமலுக்குத் தேன் இதம் தரும் என்பதை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனின் மணமும் நிறமும் எந்த ஆலைச் சர்க்கரைக்கும் வராது. ஆனால் தேனின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். சத்துகளுக்கு அங்கே இடமே குறைவு. அதுவும் உண்மையான தேனாக இருந்தால். அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020இல் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, என்.எம்.ஆர். எனப்படும் நுட்பமான பரிசோதனையில் தேறியவை மூன்றுதான்.

வெல்லத்துக்கு வருவோம். சாலையோரத்தில் கரும்பை மடித்து மடித்து இயந்திரத்தில் கொடுத்து, இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்துப் பிழிந்து தரும் சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் வரை சர்க்கரை உண்டு. அதே சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, அழுக்கெடுத்து, பாகு பதம் வரும்வரை காய்ச்சினால் வெல்லம். 100 கிலோ கரும்புக்கு 10 கிலோ சொச்சம் கிடைக்கும். பனையிலும் இதே வழிதான். உடன்குடி, வேம்பார் வட்டாரங்களில் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, இறக்கிய பதநீரை உடனே காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். இறுகினால் கருப்பட்டி. பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பது அந்தச் சுண்ணாம்பு. கருப்பட்டியில் இருக்கும் கால்சியத்தில் ஒரு பங்கும் அதிலிருந்து வந்ததே.

ஆகவே சாறு ஒரு பக்கம், இயற்கை இனிப்பு மறுபக்கம் என்று கோடு கிழிக்க முடியாது. தண்ணீர் வற்றாத வெல்லம்தான் கரும்புச் சாறு. வற்றும்போது தாது உப்புகள் தங்கிவிடுகின்றன. சூடு தாங்காத வைட்டமின்கள் போய்விடுகின்றன. சர்க்கரை மட்டும் ஆறேழு மடங்கு செறிவாகிவிடுகிறது. ஆலையில் வெண்மையாகச் சுத்திகரிக்கும்போது அந்தத் தாது உப்புகளும் போகின்றன என்பதால், வெள்ளைச் சர்க்கரையைவிட வெல்லம் மேலானது என்பது உண்மை. எவ்வளவு மேல் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

இரும்புச்சத்தை வைத்தே பார்க்கலாம். ரத்தசோகை உள்ள பெண்களிடம் "வெல்லம் சாப்பிடு" என்று சொல்வது வீடுகளில் இன்றும் வழக்கம். வெல்லத்தின் இரும்பு ஊருக்கு ஊர், கொப்பரைக்குக் கொப்பரை மாறும். தாராளமாக 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், காபியில் போடும் 10 கிராமில் அரை மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். வெல்லத்தாலேயே அதை ஈடுகட்ட அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். தாவர உணவிலிருந்து வரும் இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வெல்லத்தை ரத்தசோகைக்கு மருந்தாக நம்பிக் காலம் கடத்துவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அவளுக்குத் தேவை ரத்தப் பரிசோதனையும், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையும். சாப்பாட்டில் கீரைக்கும் பயறுக்கும் மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டால் வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பு ஏற்க உதவும். சாற்றின் உண்மையான பயன் இங்கே இருக்கிறது. அதற்கு அரை மூடி எலுமிச்சை போதும், டம்ளர் வேண்டியதில்லை.

கடையில் வாங்கும்போது இன்னொரு தொல்லை. வெல்லம் வெளிர் மஞ்சளாக இருந்தால்தான் விலைபோகும் என்பதற்காக ஹைட்ரோஸ் எனப்படும் வெளுக்கும் ரசாயனத்தைச் சேர்ப்பதும், கரும்புச் சாற்றோடு வெள்ளைச் சர்க்கரையையே கொட்டிக் காய்ச்சுவதும் நடக்கிறது. சேலம் மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பலமுறை இப்படிப்பட்ட வெல்லத்தைப் பறிமுதல் செய்திருக்கிறார்கள். சர்க்கரையைத் தவிர்க்க வெல்லம் வாங்குபவர், கூடுதல் விலை கொடுத்து அதே சர்க்கரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்.

இனி இரண்டாவது கணக்கு. இதில் பழச்சாற்றின் வெற்றி கைநழுவிப் போகிறது.

தேனையும் கருப்பட்டியையும் யாரும் டம்ளரில் ஊற்றிக் குடிப்பதில்லை. கரண்டியில் எடுக்கிறோம். சாறு டம்ளரில் வருகிறது. ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று பழங்களாவது பிழிய வேண்டும். மூன்று பழங்களை உரித்து, சுளை சுளையாக உட்கார்ந்து சாப்பிட்டால் 9 கிராம் நார்ச்சத்து வயிற்றுக்குள் போயிருக்கும். சாற்றில் அரை கிராம்கூட மிஞ்சினால் அதிகம். பன்னீர் திராட்சை இதைவிடக் கூர்மையான உதாரணம். திராட்சைச் சாறு 240 மில்லியில் சுமார் 36 கிராம் சர்க்கரை உண்டு. அதே அளவு கோலாவில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம்.

பிழிவதால் என்ன மாறுகிறது என்பதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 1977இல் மிக எளிய முறையில் காட்டினார்கள். ஹேபர், ஹீட்டன் ஆகியோரின் அந்தக் கட்டுரை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆரோக்கியமான பத்துப் பேருக்கு, ஒரே அளவு மாவுச்சத்து இருக்கும்படி ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, மசித்த கூழாக, வடிகட்டிய சாறாக. முழு ஆப்பிளைச் சாப்பிட எடுத்த நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு நேரத்தில் சாற்றைக் குடித்து முடித்துவிட்டார்கள். பழம் வயிற்றை நிறைத்தது. சாறு அவ்வளவு நிறைக்கவில்லை. ரத்தச் சர்க்கரை மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏறியது. ஆனால் கூழுக்கும் சாற்றுக்கும் இன்சுலின் அதிகமாகச் சுரந்தது. அதன் விளைவாகச் சாறு குடித்த பிறகு சர்க்கரை, தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது. முழு ஆப்பிளில் அப்படி இறங்கவில்லை. எதையும் சேர்க்கவில்லை, எடுத்தது நாரை மட்டும்.

இது பத்துப் பேரிடம் சில மணி நேரம் பார்த்தது. நீண்ட காலத்தில் என்ன ஆகும்? அமெரிக்காவில் செவிலியர்களையும் பிற சுகாதாரப் பணியாளர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மூன்று ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2013இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. மொத்தம் 1,87,382 பேர். அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் ஆகிய பழங்களை முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது. வாரத்தில் மூன்று முறை குடிக்கும் சாற்றுக்குப் பதில் முழுப் பழம் சாப்பிட்டால் அபாயம் 7 சதவீதம் குறையும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை அறுதியிட்டு நிரூபிக்காது. சாறு அதிகம் குடிப்பவர்களின் வேறு பழக்கங்களும் அதில் கலந்திருக்கலாம். என்றாலும் திராட்சைப் பழமும் பழச்சாறும் எதிரெதிர்த் திசையில் நிற்பதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த விவகாரத்தை நேராகவே தீர்த்துவைத்தது. நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு வகைகள், பழச்சாறு, பழச்சாற்றுச் செறிவு எல்லாவற்றையும் அது ஒரே கூடையில் போட்டது. முழுப் பழத்திலும் பாலிலும் உள்ள சர்க்கரையை அந்தக் கூடையில் சேர்க்கவில்லை. கூடையில் உள்ளவை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம்.

வெள்ளைச் சர்க்கரையே இல்லாத ஒரு வீட்டின் நாளைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விடிந்ததும் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன்: 17 கிராம் சர்க்கரை. இரண்டு வேளை காபிக்கு இரண்டிரண்டு கரண்டி நாட்டுச்சர்க்கரை: 18 கிராம். மாலையில் ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு: 20 கிராம். மொத்தம் 55. பாயசமோ பிஸ்கட்டோ இன்னும் வரவில்லை, மேல் எல்லை தாண்டியாகிவிட்டது. ஜூஸ் கடையில் கேட்காமலே போடும் சீனி இதில் சேர்த்தியில்லை. சென்னையின் நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் என்று சொல்கிறது. அந்த விளிம்பில் நிற்கும் ஒருவருக்கு, வெல்லத்தையும் சாற்றையும் கணக்கில் எழுதாமல் விடுவது ஆபத்து.

சர்க்கரையே இல்லாத இயற்கை இனிப்பு என்று சீனித்துளசியைச் சொல்வார்கள். பராகுவேயின் குவாரனி மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த செடி. அதன் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள் சர்க்கரையைவிட 200 மடங்குக்கு மேல் இனிக்கும், கலோரி இல்லை. சத்தும் இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியபோது சீனித்துளசியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது.

அட்டைப்பெட்டியில் வரும் சாறுகள் வேறு ரகம். பெரும்பாலும் பழத்தைப் பிழிந்து, தண்ணீரை வற்றவைத்துச் செறிவாக்கி, வேறொரு ஊரில் மறுபடி தண்ணீர் சேர்த்து அடைக்கிறார்கள். இப்படிச் செய்த சாறுகளின் உறையிலும் விளம்பரத்திலும் '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகம் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. ஒரு கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்திருந்தால் 'இனிப்பூட்டிய சாறு' என்றே அச்சிட வேண்டும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று முகப்பில் பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பி, மொத்தச் சர்க்கரை என்ற வரியைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கிவிடும். பழச்சாறும் அந்த வயதில் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 அறிவுரை. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை நாளைக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது. பள்ளி செல்லும் பெரிய பிள்ளைகளுக்கும் 240 மில்லி எல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்கள் சாற்றின் பொட்டாசியத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் குடிக்கவே வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு கொய்யாப்பழம் இருக்கிறது. ஆரஞ்சைப்போல நான்கு மடங்கு வைட்டமின் சி, 100 கிராமுக்கு 5 கிராம் நார்ச்சத்து. தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி நறுக்கித் தருவார்கள். உப்பு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

(தொடரும்)