பிளாக் ஃபாரஸ்ட் கேக்கில் செர்ரியின் இடம்

பிளாக் ஃபாரஸ்ட் கேக்குக்கு ஆதாரம் நான்கு பொருள்கள்: கோகோ சேர்த்த மெல்லிய கேக், புளிப்புச் செர்ரி, நுரைக்க அடித்த பால் கிரீம், செர்ரியிலிருந்து வடித்த கிர்ஷ் என்னும் மது. கேக்கின் பெயர் ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள மலைக்காட்டிலிருந்து வந்தது. செர்ரிப் பழத்தை நொதிக்க வைத்து கிர்ஷ் வடிப்பது அந்த வட்டாரத்தின் பழைய தொழில். இந்தக் கேக்கை முதலில் செய்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1915-இல் பாட் கோடஸ்பெர்க் என்ற ஊரில் தாமே இதை உருவாக்கியதாக யோசப் கெல்லர் உரிமை கோரினார். அந்த ஊர் இன்று பான் நகரின் ஒரு பகுதி, மலைக்காட்டிலிருந்து வெகுதூரம். 1930-இல் ட்யூபிங்கன் நகரில் எர்வின் ஹில்டன்பிராண்ட் செய்ததுதான் முதல் கேக் என்பது இன்னொரு தரப்பின் வாதம். 1934-இல் இதன் செய்முறை அச்சில் வந்துவிட்டது. கிர்ஷின் சுவை நாக்குக்குத் தெரிய வேண்டும் என்று ஜெர்மனியின் உணவு நெறிமுறைகள் இன்றும் வலியுறுத்துகின்றன.

கோகோவுக்குக் கசப்பு, கிரீமுக்குக் கொழுப்பு. இவ்விரண்டும் மட்டும் சேர்ந்தால் நாலு வாய்க்குள் திகட்டிவிடும். அந்தத் திகட்டலை அறுப்பது செர்ரியின் புளிப்புதான். ஐரோப்பாவில் இதற்கென்றே புளிப்புச் செர்ரி வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் பேக்கரிகளில் கேக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் சிவப்பு உருண்டை பல நேரம் செர்ரியே அல்ல, அது களாக்காய். பச்சைக் களாக்காய்க்குப் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு உண்டு. உப்பு நீரில் போட்டு, விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து முடிக்கும்போது அந்தப் புளிப்பு கரைந்து போய், இனிப்பும் நிறமும் மட்டுமே எஞ்சுகின்றன. கேக்குக்கு எது தேவையோ அதுவே தொலைந்துவிடுகிறது. வீட்டில் செய்வதன் பெரிய பயன், அந்தப் புளிப்பை மீட்டுக்கொள்ளலாம் என்பதே.

காஷ்மீர், இமாச்சலச் செர்ரி கோடையில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும். அது பெரும்பாலும் இனிப்பு வகை. கொட்டை நீக்கிய பழம் 400 கிராமுக்கு 50 கிராம் சர்க்கரையும் ஒரு பெரிய எலுமிச்சையின் சாறும் சேர்த்து, சாறு விடும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். இரண்டு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரைச் சிறிது தண்ணீரில் கரைத்து ஊற்றி, பளபளப்பாகக் கெட்டிப்பட்டதும் இறக்கி ஆறவிடலாம். கெட்டிப்படுத்தாமல் வைத்தால் சாறு ஒழுகி கிரீமையும் கேக்கையும் சொதசொதவென்று ஆக்கிவிடும். டப்பாவில் அடைத்த செர்ரி என்றால் பாகை வடித்து, பழத்தை ஒருமுறை தண்ணீரில் அலசி, சர்க்கரை சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றை மட்டும் கூட்டுவது நல்லது.

கேக்குக்கு நான்கு முட்டை, 120 கிராம் சர்க்கரை, 90 கிராம் மைதா, 30 கிராம் கோகோ தூள், 40 கிராம் உருக்கிய வெண்ணெய் போதும். இதில் பேக்கிங் பவுடருக்கு வேலையில்லை. முட்டை நுரையில் அடைபட்ட காற்றுதான் கேக்கை எழுப்புகிறது. முட்டையையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் ஆவியின்மேல் கை பொறுக்கும் சூடு வரும்வரை கிளறிவிட்டு, பிறகு பீட்டரால் அடிக்க வேண்டும். கலவை மூன்று மடங்கு பெருகி வெளுத்து, பீட்டரைத் தூக்கினால் விழும் நாடா மேற்பரப்பில் சில விநாடி அழியாமல் நின்றால் அது பதம். மைதாவையும் கோகோவையும் சேர்த்து இருமுறை சலித்து, மூன்று தவணையாகத் தூவி, கரண்டியை அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலக்க வேண்டும். கோகோவிலுள்ள கொழுப்பு நுரையை உடைக்கும் இயல்புடையது; அதனால் இந்தக் கட்டத்தில் தாமதம் கூடாது. வெண்ணெயைக் கடைசியில் ஓரமாக ஊற்றிப் புரட்டினால் போதும்.

20 செ.மீ. தட்டில் காகிதம் விரித்து, முன்பே சூடேற்றிய அவனில் 175 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வேகவைக்கலாம். அவன் இல்லாத வீட்டில் குக்கர் கைகொடுக்கும். அடியில் உப்புப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு சிறு தீயில் வைத்தால் சுமார் 40 நிமிடத்தில் வெந்துவிடும். குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். முழுக்க ஆறிய பிறகே கேக்கை மூன்று வட்டங்களாக அறுக்க வேண்டும்; சூட்டோடு அறுத்தால் பொடியும்.

கிரீமில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது. நுரை நிற்பதற்கு 35 விழுக்காடு கொழுப்பு இருந்தால் நல்லது. சமையலுக்காகச் சிறு பெட்டிகளில் விற்கும் கிரீமில் பெரும்பாலும் 25 விழுக்காடுதான் இருக்கும். எவ்வளவு அடித்தாலும் அது கெட்டியாக நிற்காது. வாங்கும்போது உறையில் இந்த எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. குளிர்ந்த நிலையில் பாதி உறைந்திருக்கும் கொழுப்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றுக் குமிழிகளைச் சுற்றி வலையமைப்பதால்தான் கிரீம் எழுகிறது. சூடு ஏறினால் கொழுப்பு இளகி வலை அறுந்துவிடும். எனவே கிரீம், பாத்திரம், பீட்டர் மூன்றையும் குளிரவைத்து, பனிக்கட்டி நிரப்பிய தட்டின்மேல் பாத்திரத்தை வைத்து அடிக்க வேண்டும். அரை லிட்டருக்கு 40 கிராம் பொடித்த சர்க்கரை தாராளம். நுனி நிமிர்ந்து நின்றதும் நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் அடித்தால் திரிந்து வெண்ணெயாகிவிடும். பேக்கரிகள் பயன்படுத்தும் தாவரக் கொழுப்பு கிரீம் வெயிலைத் தாங்கும், உருவமும் குலையாது. ஆனால் நாக்கில் மெழுகுபோல் படியும் அதற்குப் பால் கிரீமின் சுவை கிடையாது.

அடுக்கும் வேலை எளிது. 100 மி.லி. தண்ணீரில் 50 கிராம் சர்க்கரையைக் காய்ச்சி ஆறவைத்து, மூன்று மேசைக்கரண்டி கிர்ஷ் கலந்து ஒவ்வொரு வட்டத்தின் மேலும் தெளிக்க வேண்டும். மது வேண்டாதவர்கள் செர்ரிச் சாற்றோடு எலுமிச்சை பிழிந்து சேர்க்கலாம். வாசனை வேறாக இருந்தாலும் புளிப்பு கிடைத்துவிடும். முதல் வட்டத்தின்மேல் கிரீமால் ஓரம் கட்டி நடுவில் செர்ரியை நிரப்பி, அடுத்ததன்மேல் கிரீமை மட்டும் பூசி, மூன்றாவதை வைத்து முழுவதும் கிரீமால் மூடலாம். டார்க் சாக்லேட்டைக் கத்தி முனையால் சுரண்டினால் வரும் சுருள்கள் பக்கவாட்டுக்கும் மேலுக்கும் போதும்.

கேக்கை மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் பாகும் செர்ரிச் சாறும் உள்ளே இறங்கி அடுக்குகள் பிடித்துக்கொள்ளும். வெட்டும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டால் துண்டு பிசிறில்லாமல் வரும். பால் கிரீம் என்பதால் மீதியை உடனே ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.