கிரகணியும் கோதுமையும்

‘கிரகணி’ என்பது பற்றி வைத்துக்கொள்வது எனப் பொருள்படும் வடசொல். உண்ட உணவு செரிக்கும்வரை அதனைப் பற்றி நிறுத்திச் செரித்தபின் கீழே செல்லவிடும் உறுப்பு யாதோ, அதற்கே ஆயுள்வேத ஆசிரியர் இப்பெயரை இட்டனர். அது கொப்பூழுக்கு மேலே அமைந்தது என்றும், செரிமானத் தீயாகிய அக்கினிக்கு அதுவே இருப்பிடம் என்றும் சரக சங்கிதை கூறும். அத்தீ மந்தமுற்றால் கிரகணி தன் தொழிலினின்று வழுவும். உணவு பாதி செரித்தும் பாதி செரியாமலும் இறங்கும். மலம் ஒருகால் இறுகியும் ஒருகால் இளகியும் துர்நாற்றத்தோடு கழியும், உடல் மெலியும், உணவில் வெறுப்புத் தோன்றும். உறுப்பின் பெயரே நோய்க்கும் பெயராயிற்று. சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் பதினைந்தாம் அத்தியாயம் இந்நோயைப் பற்றியதே.

மேனாட்டு வைத்தியர் சீலியாக் எனப் பெயரிட்ட நோயும் வெளித்தோற்றத்தில் இதனை ஒத்தது. அப்பெயர் வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பழைய கிரேக்க வைத்தியர் அரேத்தேயஸ் அதனை முதலில் வழங்கினார். 1888ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ, குழந்தைகளை வாட்டும் இந்நோயைத் தெளிவாக விவரித்து, இதற்குத் தீர்வு உண்டாயின் அஃது உணவினாலேயே ஆகவேண்டும் என்று எழுதினார். தீமை செய்யும் உணவு எது என்பதை அவரும் அறிந்திலர்.

தோற்றம் ஒத்திருப்பதனால் ஆயுள்வேத வைத்தியர் பலர் சீலியாக் நோயைக் கிரகணியின் ஒரு வகையாகக் கொண்டு மருந்தளிக்கின்றனர். அதில் தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றே எனக் கொள்வதுதான் ஆபத்து. கிரகணி என்பது அகன்ற பெயர். அமீபாக் கழிச்சலும், குடற்புண்ணும், வெப்பநாட்டுக் குடல்நோய்கள் சிலவும் அதனுள் அடங்கும். மறுபுறம், சீலியாக் நோயாளர் பலருக்குக் கழிச்சலே இருப்பதில்லை. தீராத குருதிச்சோகை, பிள்ளையின் வளர்ச்சிக் குறைவு, எலும்பின் தேய்வு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுமட்டும் நோயைக் காட்டிக்கொடுப்பதுண்டு. இவர்களை எந்த வைத்தியரும் கிரகணி நோயாளர் என்று எளிதில் ஐயுறமாட்டார்.

நோயின் உண்மையான நிலை இதுதான். கோதுமை மாவைப் பிசைந்து நீரிற் கழுவினால் மாப்பொருள் கரைந்துபோக, இழுபடும் பசை ஒன்று எஞ்சும். குளூட்டன் எனப்படும் புரதம் அது. பார்லியிலும், ஐரோப்பியர் உண்ணும் றை என்ற தானியத்திலும் இதன் இனமான புரதங்கள் உள. குறித்த மரபுக்கூறு உடையோருட் சிலரின் குடலை இப்புரதம் அடையும்போது, நோயெதிர்க்கும் உடற்காவற்படை அதைப் பகையெனக் கருதிப் போர்தொடுக்கிறது. அப்போரில் அழிவது சொந்தக் குடலே. சிறுகுடலின் உட்சுவரிற் பட்டுநூற் குஞ்சம்போல நெருங்கி நிற்கும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. உணவுச்சத்தை உறிஞ்சுவன அவையே ஆதலின், எவ்வளவு உண்டாலும் இரும்பும் கல்சியமும் கொழுப்பும் உடலில் ஒட்டுவதில்லை.

இதனைக் கண்டறிந்த வரலாறு ஆயுள்வேதத்தை நாடுவோருக்கும் படிப்பினை மிக்கது. 1924இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ், பாணையும் தானிய உணவுகளையும் விலக்கி வாழைப்பழத்தை நிறையக் கொடுத்துப் பிள்ளைகளைத் தேற்றினார். நீண்டகாலம் இந்த வாழைப்பழ உணவே சிகிச்சையாக விளங்கிற்று. பிள்ளைகள் தேறியது உண்மை. ஆனால் தேற்றியது வாழைப்பழம் அன்று, பாண் நின்றதே. குணமாகிவிட்டது என்று நம்பிப் பழைய உணவுக்குத் திரும்பினால் நோயும் உடன் திரும்பும். இம்முடிச்சை அவிழ்த்தவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே. கோதுமையை அவர் யுத்தத்துக்கு முன்னரே ஐயுற்றிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டிற் பஞ்சம் தலைவிரித்தாடிப் பாண் அரிதாயிற்று. ஊரெல்லாம் வாடிய அவ்வேளையில் இந்நோய்க் குழந்தைகள் தேறினர் என்றும், பாண் மீண்டதும் நோயுற்றனர் என்றும் கூறுவர். 1950இல் உத்திரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வுநூல் கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டிற்று.

இனி மோரை நோக்குவோம். கிரகணிக்கு மோரினும் சிறந்தது இல்லை என்பது ஆயுள்வேதத்தின் துணிபு. அது தீயைத் தூண்டும், எளிதிற் செரிக்கும், மலத்தைக் கட்டும். இதனை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கவேண்டியதில்லை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் சடைமுளைகளின் நுனியிலேதான் சுரக்கிறது; சடைமுளை தேய்ந்தவருக்குப் பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். தயிர் உறையும்போது அச்சர்க்கரையின் ஒரு பங்கு புளித்து மாறிவிடுகிறது. ஆகவே பால் ஒவ்வாத குடலுக்கு மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இந்த ஆராய்ச்சிகளுக்கு மிக முன்னரே ஆயுள்வேதம் மோரைத் தேர்ந்தமை வியப்புக்குரியது.

ஆயினும் ஹாஸின் வாழைப்பழத்துக்கு நேர்ந்த மயக்கம் மோருக்கும் நேரலாம். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து மோரை ஏற்றிச்சென்று, சிலகாலம் மோரே உணவாகக் கொடுத்து, மீண்டும் தானியத்துக்குத் திருப்பும் முறைக்குத் தக்கிரகல்பம் என்று பெயர். அதனாற் சீலியாக் நோயாளர் தேறினால், தேற்றியது மோரா, கோதுமை நின்றதா என்ற கேள்வி எழவேண்டும். எழாவிட்டால், உடல் தேறியது என்று மகிழ்ந்து முதலில் கொடுப்பதே ஒரு துண்டு ரொட்டியாக முடியும். மந்தமான தீயை மூட்டிவிட்டால் எவ்வுணவும் செரிக்கும் என்பது கிரகணியிற் பொருந்தலாம். சீலியாக் நோயிற் பொருந்தாது. குளூட்டனைத் தாங்கும் ஆற்றலை எந்தச் சூரணமும், எந்த அரிஷ்டமும் மீட்டுத் தந்ததாக நிறுவப்படவில்லை. விலக்கு ஆயுள் முழுவதற்கும் உரியது. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனும் காலப்போக்கிற் குடலைச் சிதைக்கப் போதுமானது. ஒரு துண்டுப் பாணில் ஏறக்குறைய 2 கிராம் உண்டு.

விலக்கவேண்டியதை ஏட்டிலிருந்து மட்டும் அறியவும் முடியாது. கோதுமை குளிர்ச்சியும் வலிமையும் தருவது, ஆனால் செரிக்கக் கடினமானது என்கின்றன நிகண்டுகள். இது ஓரளவு துணைசெய்யும். பார்லியையோ நூல்கள் பல இடங்களிற் பத்தியமாகப் போற்றுகின்றன. சௌவீரம், துஷோதகம் என்னும் காடி வகைகள் பார்லியிலிருந்தே ஆக்கப்படுவன. ஏனைய நோயாளருக்கு நன்மையான இவை சீலியாக் நோயாளருக்கு நஞ்சு. பழைய அரிசிச் சோறு, பயற்றங்கஞ்சி, மாதுளை, வில்வம்பிஞ்சு என்று அதே நூல்கள் கூறும் பத்தியத்துக்கு இத்தடை இல்லை. இதிலேதான் ஆயுள்வேதத்தின் மெய்யான உதவி இருக்கிறது. கோதுமையை இழந்த ஒருவருக்குச் சுவையும் பலமும் உள்ள உணவொழுங்கை அது ஆயத்தமாக வைத்திருக்கிறது.

மருந்துப் புட்டியையும் ஐயுறவேண்டும். வயிற்று மந்தத்துக்கு அஷ்ட சூரணம் என்னும் இங்குவஷ்டகம் பேர்பெற்றது. நெய்யுடன் முதற்கவளச் சோற்றிற் பிசைந்து உண்பர். அதன் தலைச்சரக்குப் பெருங்காயம். தூய பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அதிற் குளூட்டன் இல்லை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திலோ கோதுமை மாவைக் கலப்பது பெருவழக்கு. எந்தப் பெருங்காயம் சேர்த்தது என்று கேளாமல் வாங்கும் சூரணம், நோயைத் தீர்க்கப்போய் நோயையே ஊட்டக்கூடும். ரசமும் கெந்தகமும் சேர்த்து உருக்கிச் செய்யும் பர்ப்பட்டி வகைகளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது; புண்பட்ட குடலுடைய குழந்தைக்கு அதனைக் கொடுப்பதற்கு நியாயம் காண்பது அரிது.

சீலியாக் நோய் கோதுமை உண்ணும் வட இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு உண்டு. சோறுண்ணும் தெற்கில் அதனினும் மிகக் குறைவு. நோய்க்குரிய மரபுக்கூறு தெற்கிலும் இல்லாமலில்லை. உண்ணும் கோதுமைதான் குறைவு. ஆனால் சோறுண்ணும் நாடு என்று இலங்கையர் வாளாவிருக்க இயலாது. யாழ்ப்பாணத்துப் புட்டிலும் இடியப்பத்திலும் அவித்த கோதுமை மாக் கலப்பது வழக்கம். நோயாளியைப் பார்க்கப்போவோர் கையோடு கொண்டுசெல்லும் மோல்ற் மாவும், காய்ச்சலுக்குக் காய்ச்சும் பார்லித் தண்ணீரும் பார்லியே. ரவையும் சேமியாவும் கோதுமையே. தனி அரிசிமாப் புட்டு, குரக்கன் கூழ், ஒடியற்கூழ், மரவள்ளி ஆகியன அச்சமின்றி உண்ணத்தக்கவை. மாவை அரைத்த ஆலையும் அரித்த அரிதட்டும் கோதுமைக்குப் பயன்பட்டிராதிருத்தல் வேண்டும்.

நோய் உண்டென ஐயுறுவோர் வைத்தியசாலையில் குருதிப் பரிசோதனை செய்யுமுன் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தினால் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் நாளடைவில் மறைந்து, நோய் இல்லை என்ற பொய்விடை வரும். பரிசோதனையும், தேவைப்படின் குடலிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தலும் முடிந்தபின்னரே விலக்குத் தொடங்கவேண்டும். ஆயுள்வேத வைத்தியரிடம் செல்வோரும் அந்த முடிவைக் கையோடு கொண்டுசெல்லவேண்டும். விலக்குத் தொடங்கிய சில கிழமைகளிலேயே பசியும் முகத்தெளிவும் பெரும்பாலும் மீளும். சடைமுளைகள் அத்துணை விரைவில் மீள்வதில்லை. குழந்தைகளுக்கு அவை விரைந்து வளரும். வளர்ந்தோர்க்கு ஈராண்டும் அதற்கு மேலும் செல்லும்.