நாட்டு நாய்கள் – 8: முயல் ஓடிய திசை

கரிசல் நிலத்து நாய்களில் உருவத்தாலும் ஓட்டத்தாலும் தனித்துத் தெரிபவை கன்னியும் சிப்பிப்பாறையும். விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில், கம்பும் பருத்தியும் உளுந்தும் விளையும் காடுகளில் (இங்குக் ‘காடு’ என்னும் சொல் புன்செய் நிலத்தைக் குறிக்கும்) முயலை விரட்டிப் பிடிப்பதற்கெனத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இந்நாய்கள், வேட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்ட இக்காலத்தில் வீட்டுக் காவலுக்கும் அழகுக்குமாக நகரங்கள் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. கதவு திறந்த நொடியில் பாய்ந்தோடிப் பொழுது சாய்ந்தபின் முள்ளும் சேறுமாகத் திரும்பும் இவற்றைப் பற்றி, ‘சொன்ன பேச்சு கேட்காது’ என்று வளர்ப்போர் குறைப்படுவது வழக்கம். அந்தக் குறை நியாயமற்றது.

மோப்பத்தால் வேட்டையாடும் நாய் மூக்கைத் தரையில் வைத்து, பழைய தடத்தைக்கூட மெல்லத் தொடர்ந்து செல்லும். கண்ணால் வேட்டையாடும் நாய்க்கோ தொலைவில் ஓர் அசைவு தெரிந்தால் போதும். கன்னியும் சிப்பிப்பாறையும் இரண்டாம் வகை. ஒடுங்கி நீண்ட தலையும், பக்கவாட்டில் அமைந்து அகன்ற பரப்பைக் காணும் கண்களும், ஆழ்ந்த மார்பும், ஒட்டிய வயிறும், வில்லாய் வளைந்து நிமிரும் முதுகும் அந்த ஒரே வேலைக்காக அமைந்தவை. முழு வேகத்தில் ஓடும்போது இதன் நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கிக் குவியும் கணத்தில் ஒருமுறையும், முன்னும் பின்னுமாக முழுதும் நீளும் கணத்தில் மறுமுறையும், ஆக ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நாய் தரையைத் தொடாமல் காற்றில் மிதக்கிறது. குதிரையின் பாய்ச்சலிலோ இத்தகைய மிதப்பு ஒருமுறைதான் உண்டு.

ரேமண்ட் காப்பிங்கர் என்னும் அமெரிக்க உயிரியலாளர், வேட்டையாடும் விலங்கின் செயலைத் தொடர்ச்சியான படிகளாகப் பகுத்துக் காட்டினார்: இரையை நோக்கித் திரும்புதல், உற்று நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்விப் பிடித்தல், கடித்துக் கொல்லுதல், பின்னர் உண்ணுதல். மனிதன் நாயினங்களை உருவாக்கியபோது இப்படிகளில் சிலவற்றைக் கூர்மையாக்கினான், சிலவற்றை மழுக்கினான். ஆட்டு மந்தையை மடக்கும் நாயிடம் உற்று நோக்கலும் பதுங்கலும் ஓங்கி, கடித்துக் கொல்லும் படி அடங்கியிருக்கிறது. கண்ணால் வேட்டையாடும் நாயிடம் ஓங்கி நிற்பது துரத்தல். பசியாறியிருந்தாலும் நாய் துரத்தும். ஏனெனில் துரத்தும்போது மூளையில் சுரக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் அந்த ஓட்டத்தையே பரிசாக்கிவிடுகிறது. கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு பெயர் சொல்லி அழைப்பவரின் குரல் அந்நேரத்தில் அதன் காதில் ஏறுவதில்லை என்றால், அதில் நன்றிகேடும் இல்லை, பிடிவாதமும் இல்லை. இத்தன்மைக்காகவே மனிதன் அதைப் பேணி வளர்த்தான் என்பதை மறந்துவிட்டு, இன்று அதற்காகவே அடிப்பது கொடுமை.

அதற்காக, ஓடும் நாயை ஓடவிட்டுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி விலங்கைத் துரத்துவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். ஆகவே காட்டுமுயலின்மேல் நாயை ஏவிவிடுவது குற்றமே. ஏவாமல் தானாக ஓடும் நாயும் செய்யும் தீங்கு சிறிதன்று. வெளிமான்களுக்கென 1987-இல் அறிவிக்கப்பட்ட வல்லநாடு சரணாலயம் இந்த நாய்களின் தாய்நிலத்தை அடுத்தே இருக்கிறது. அருகிவரும் முதுகெலும்புள்ள உயிரினங்களுள் 188-க்கு நாய்களால் ஆபத்து உண்டு என 2017-இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. கடித்துக் கொல்லுவதோடு நோயைப் பரப்பும் ஆபத்தும் இதில் சேரும். 1994-இல் செரெங்கெட்டியின் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயால் மடிந்தது. நாய்க்கும் வழியெங்கும் ஆபத்து காத்திருக்கிறது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, பன்றிக்கு வைத்த சுருக்குக்கம்பி, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலி, தீனிக்குள் பொதிந்த அவுட்டுக்காய் (கடித்தவுடன் வெடிக்கும் நாட்டுவெடி), நான்குவழிச் சாலை ஆகியவற்றுள் எதையும் இரைமேல் பதிந்த அதன் கண் காண்பதில்லை.

கருத்தடை செய்தால் அலைச்சல் நிற்கும் என்னும் நம்பிக்கை பாதிதான் உண்மை: பெட்டையைத் தேடிப் போகும் கடுவனின் அலைச்சல் அதனால் குறையும், இரையைத் தேடிப் போகும் ஓட்டம் குறையாது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைத்தால் ஆற்றாமை பெருகி, அவிழ்ந்த அன்று நாய் இன்னும் தொலைவு ஓடும். ஆறடிச் சுற்றுச்சுவரும், அதற்குள்ளோ வேலியடைத்த வேறொரு திடலிலோ நாள்தோறும் முழு வேகத்தில் ஓட இடமும் தருவதே உரிய வழி. வெளியே அழைத்துச் செல்கையில் வார் கட்டாயம். இவற்றின் தலை கழுத்தைவிட ஒடுங்கியிருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் உருவிக்கொள்ளும். அகன்ற பட்டையோ மார்புப்பட்டையோ பொருத்தமானது. முயல் மேய வெளிவரும் விடியலிலும் அந்தியிலும் காட்டோரம் அழைத்துச் செல்லாமலிருப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருநாள் நாய் ஓடித்தான் போகும். திரும்பி வந்ததும் அதை அடிப்பது பெரும்பிழை. ஓடியதற்காக அடி விழுந்தது என்று நாய் அறியாது, வீட்டுக்கு வந்ததற்காக விழுந்தது என்றே அறியும், அடுத்தமுறை வாசல்வரை வந்து தயங்கி நிற்கும். நிழலில் படுக்கவைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, மூச்சிரைப்பு அடங்கிய பின்னரே தீனி வைக்க வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடுதல். வாயில் இரத்தம் இருந்தால் அது யாருடையது என்று பார்க்க வேண்டும். கீரியோ நரியோ கடித்த தடம் தெரிந்தால், தடுப்பூசி முன்பே போட்டிருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கடைசியாகக் கால்கள். சீமைக்கருவேல முள் பாதத்தின் மெத்தையில் ஏறி ஒடிந்தால் மேலே துளைகூடத் தெரியாது. இரண்டு நாள் கழித்து நாய் அந்த ஒரு காலை ஓயாமல் நக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் சீழ் கட்டிவிடும் என்பதால், வந்த அன்றே விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, விளக்கொளியில் பெருவிரல் நுனியால் அழுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். முள் இருக்கும் இடத்தை விரல் தொட்டதும் நாய் காலை இழுத்துக்கொள்ளும்.