பன்னிரண்டு வரை எண்ணும் செடி



செடிக்கு எண்ணத் தெரியுமா? சிரிக்காதீர்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மேலே ஏறினால் காந்தலூர் வரும். ஆப்பிளும் பூண்டும் விளையும் மலை ஊர். அதைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் நீலக்குறிஞ்சி புதர் புதராக வளர்கிறது. ஆண்டுக்கணக்கில் வெறும் இலையோடு நிற்கும் இந்தச் செடி, பன்னிரண்டாம் ஆண்டில் கூட்டமாகப் பூத்து மலையையே நீலமாக்கிவிடும். 1994, 2006, 2018 ஆகியவை பெரும் பூப்பு கண்ட ஆண்டுகள். கழித்துப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

சமீபத்தில் அமெரிக்கச் சில்வண்டுகளைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க, நம் குறிஞ்சிதான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அந்த வண்டுகளின் குஞ்சுகள் மண்ணுக்குள் மரவேரின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு வாழ்கின்றன. சில வகை 13 ஆண்டுகள், சில வகை 17 ஆண்டுகள். காலம் வந்ததும் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் வெளியே வருகின்றன. 2024இல் 13 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் 17 ஆண்டுக் கூட்டம் ஒன்றும் சேர்ந்தே வந்தன. அதே இரண்டு கூட்டங்களும் அதற்கு முன் சேர்ந்து வந்தது 1803இல்! இடைவெளி 221 ஆண்டுகள். 13ஐ 17ஆல் பெருக்குங்கள், காரணம் புரிந்துவிடும்.

ஏன் எல்லாம் ஒன்றாக வரவேண்டும்? கல்யாணப் பந்தியில் எவ்வளவு பசியோடு உட்கார்ந்தாலும் ஓர் அளவுக்கு மேல் சாப்பிட முடியாது அல்லவா? பறவைகளும் அப்படித்தான். வயிறு முட்டத் தின்ற பிறகும் ஏராளமான வண்டுகள் மிஞ்சும். பல்லாண்டுக்கு ஒருமுறை பூக்கும் மூங்கிலும் இதே வழியில்தான் தன் விதைகளைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று டேனியல் ஜான்சன் என்ற அறிவியலாளர் 1976இல் எழுதினார். குறிஞ்சியும் ஒரே ஒருமுறை பூத்து, விதை கொடுத்து, மடிந்துவிடும் செடி. அதற்கும் இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது.

சரி, மண்ணுக்குள் இருக்கும் குஞ்சுக்கு 17 ஆண்டு முடிந்தது எப்படித் தெரியும்? ரிச்சர்டு கார்பன் என்ற ஆய்வாளரின் குழு இதற்கு ஒரு தந்திரம் செய்தது. ஒரே ஆண்டில் இரண்டு முறை துளிர்த்துப் பூக்கும்படி செய்த பீச் மரங்களின் வேரில் குஞ்சுகளை விட்டார்கள். அவை ஓர் ஆண்டு முன்னதாகவே வெளியே வந்துவிட்டன! அவை நாட்களை எண்ணவில்லை. மரம் எத்தனை முறை துளிர்க்கிறது என்பதைத்தான் எண்ணுகின்றன. 2000இல் இந்த முடிவு வெளியானது.

இதைப் படித்ததும் எனக்குள் கேள்விகள் முளைத்தன. குறிஞ்சி எதை எண்ணுகிறது? மழைக்காலத்தையா? மார்கழிக் குளிரையா? காந்தலூர் இருக்கும் அதே இடுக்கி மாவட்டத்தில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறை மலையில் 2022இல் குறிஞ்சி பூத்தது. 2018இல் பூத்த மலைகளுக்கு ஒரு கணக்கு, இந்த மலைக்கு வேறு கணக்கு. எல்லா மலைக்கும் பொதுவான மழையோ குளிரோ மட்டும் பூ வரவழைத்தால் இப்படி ஆகுமா? ஒவ்வொரு கூட்டமும் தான் முளைத்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் விஷயம் கொஞ்சம் பிடிபடுகிறது. ஆனால் அந்தக் கணக்கைச் செடி தனக்குள் எங்கே வைத்திருக்கிறது? அறிவியல் இன்னும் முழு விடை கண்டுபிடிக்காத கேள்வி இது.

குறிஞ்சியின் உறவுச் செடி ஒன்று உங்கள் தெருவோரத்திலேயே இருக்கும். அதுதான் பட்டாசுக்காய்ச் செடி. காய்ந்த காய் ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். படீரென்று வெடித்து விதைகளைத் தெறிக்கவிடும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்!

பிறகு ஒரு நோட்டு எடுத்து, உங்கள் வீட்டருகே உள்ள வேம்போ கொன்றையோ முதல் பூ விடும் தேதியை ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். 2018இல் பூத்த மலைகளில் அடுத்த பூப்பு 2030இல். அன்று உங்களுக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டு வையுங்கள். குறிஞ்சியைப் பார்க்கப் போகும்போது பூவைப் பறிக்காதீர்கள். பறித்த பூ விதையாகாது. விதை இல்லாவிட்டால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைத் தொடங்கச் செடியே இருக்காது.