கணக்கு நம்முடையது, கடவுச்சொல் யாருடையது?

2024 டிசம்பர் 27. வருடம் முடிய நான்கு நாள்தான் பாக்கி. 'பெஞ்ச்' நிறுவனத்திடம் கணக்கெழுதும் வேலையை ஒப்படைத்திருந்த ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிறுவியாபாரிகள் அன்று அதன் இணையதளத்தில் கண்டது மூடல் அறிவிப்பு. கனடாவின் வான்கூவரிலிருந்து இயங்கிய இந்த நிறுவனம், முதலீட்டாளர்களிடம் 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வரித் தாக்கலுக்கு ஆறு மாத அவகாசம் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 30-க்குள் உங்கள் கணக்கை இறக்கிக்கொள்ள வழி செய்கிறோம். மார்ச் 7 வரை அது கிடைக்கும். அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான்.

மூன்றே நாளில் எம்ப்ளாயர்.காம் என்ற நிறுவனம் பெஞ்சை வாங்கிவிட்டதாக அறிவித்தது. புது நிர்வாகத்தின் நிபந்தனைகளுக்குச் சம்மதித்தால்தான் சொந்தக் கணக்கே கைக்கு வருகிறது என்று வாடிக்கையாளர்கள் சிலர் புகார் சொன்னார்கள். பெஞ்ச் தன் சொந்த மென்பொருளில் கணக்கு எழுதிவந்ததால், வேறிடத்துக்கு மாறுவதும் லேசாக இல்லை.

நிறுவனம் மூழ்க வேண்டும் என்றுகூட இல்லை. நன்றாக நடக்கிற நிறுவனமும் கிளம்பிப் போகும். குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் 2023 ஜனவரி 31-உடன் இந்தியாவில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது.

'தரவு வாடிக்கையாளருக்கே சொந்தம்' என்று ஒப்பந்தத்தில் எழுதாத கிளவுட் நிறுவனம் அரிது. அது எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் கிடைக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எக்செல் கோப்பாக எடுத்தால் லெட்ஜர் வந்துவிடும். பில்லோடு இணைத்த ஸ்கேன் நகல், எந்த ரசீது எந்த பில்லுக்கு நேர் செய்யப்பட்டது, எந்த என்ட்ரியை யார், எப்போது திருத்தினார் போன்றவை பல சமயம் வராது. ஆய்வுக்கு வரும் அதிகாரி துருவிக் கேட்பதோ இவற்றைத்தான்.

இந்தியச் சட்டம் இங்கே சற்று ஒருதலையாக இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் 8 நிதியாண்டு. மின்னணுக் கணக்கு எந்நேரமும் இந்தியாவில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும், இந்தியாவிலுள்ள சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி விதிகள் திருத்தப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல், திருத்தங்களைப் பதிவு செய்யும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்தலாம். இத்தனை பொறுப்பும் கணக்கு வைத்திருப்பவர் தலையில். மென்பொருள்காரர் தரவை எப்படித் திருப்பித் தர வேண்டும் என்பதை இவ்விதிகள் சொல்வதில்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உதவாது. அது காப்பது தனிமனிதரின் தகவலை, கடையின் பேரேட்டை அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் முந்திக்கொண்டது. அதன் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளவுட் சேவையை விட்டு வெளியேற இரண்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்பு கேட்கக் கூடாது. மாறும் காலம் முடிந்த பிறகும் தரவை எடுத்துக்கொள்ளக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். 2027 ஜனவரி 12 முதல், மாறுவதற்கென்று தனிக் கட்டணமும் வாங்க முடியாது. வணிக நிறுவனங்களுக்கும் இது பொருந்தும் என்பதே முக்கியம்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பல கடைகளில் கிளவுட் கணக்கைத் திறந்தவர் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன். பதிவானது அவருடைய மின்னஞ்சல். ஆடிட்டரோடு மனஸ்தாபம் வந்தால், மென்பொருளின் கண்ணுக்கு முதலாளி வெறும் வெளியாள். சந்தா கட்டிய ரசீதைக் காட்டி மன்றாட வேண்டியதுதான்.

ஆகவே வியாபாரிகள் மூன்று காரியத்தை இப்போதே செய்துவிடலாம். முதன்மை நிர்வாகி இடத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா முடிந்தால் எத்தனை நாள் பார்க்கவாவது விடுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மாதம் ஒருமுறை லெட்ஜர், பில் நகல், திருத்தப் பதிவு எல்லாவற்றையும் இறக்கி, வேறொரு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.